கடலோரமும் காடும்: குளிர்கால நடை பற்றி வாசகர்கள் கேட்டவை

குளிர்காலத்தில் குழுவாகக் கடலோரம் நடந்து, அருகிலுள்ள காட்டின் வழியே திரும்புவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பலர் ஒன்றையே கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் ஏறத்தாழ இருபது பேர். கடலோரமாகப் போய்க் காட்டின் வழியே திரும்பும் வட்டப் பாதை ஒன்றைத் தேர்ந்திருக்கிறோம். முதலில் கடலா, காடா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. காலையில் காட்டுக்குள் ஈரமும் குளிரும் மிகுதி, ஆகவே கடலோரமாகத் தொடங்கலாம் என்கிறார்கள் சிலர். மாலைச் சூரியனைக் கடலில் பார்க்க வேண்டும் என்கிறார்கள் மற்றவர்கள். எது சரி?

பதில்: இரு தரப்பினரும் ஓத அட்டவணையை, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியலை, பார்க்காமலே வாதிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. காடு எந்த நேரத்திலும் அதே இடத்தில் இருக்கும். கடலோரப் பாதையின் கீழ்ப்பகுதி அப்படி இருக்காது. பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்த உயர் ஓதத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடங்கள் ஆகின்றன. அதாவது ஏறிய கடல் முழுவதும் இறங்க ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல், திரும்ப ஏற அதே அளவு. ஆகவே உங்கள் பாதை மணலிலோ பாறைத் தளத்திலோ செல்லும் பகுதியை, கடல் இறங்கத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழிந்த பிறகு மிதித்து, அது மிகவும் தாழ்ந்து நிற்கும் வேளைக்குள் கடந்துவிட வேண்டும். இந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால் மற்ற வரிசை தானாக அமையும். நண்பகலையொட்டித் தாழ் ஓதம் வருமானால் காலையில் கடலோரம், பிற்பகலில் காடு. மாலை நான்கு மணிக்குத் தாழ் ஓதம் என்றால் காலையில் காடு, பிற்பகலில் கடலோரம். அப்போது மாலைச் சூரியனைக் கேட்டவர்களின் ஆசையும் நிறைவேறும்.

நண்பகலில் உயர் ஓதம் வரும் நாளாக இருந்தால் கரையின் மேலே செல்லும் பாதையை மட்டும் பயன்படுத்துங்கள், அல்லது பயணத்தை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். ஓதம் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடங்கள் பிந்துவதால், ஏழு நாட்களில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நகர்ந்து, உயர் ஓதம் இருந்த வேளையில் தாழ் ஓதம் வந்து நிற்கும். குழுவாகப் பயணம் ஏற்பாடு செய்பவர்கள் முதலில் விடுமுறை நாளைக் குறித்துவிட்டுப் பிறகு கடலைப் பார்க்கிறார்கள். கடலைப் பார்த்த பிறகு நாளைக் குறிப்பதே சரியான முறை.

கடல் ஏறும் வேகம் சீரானதன்று என்பதையும் குழுவினர் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்றத்தின் மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணி நேரத்தில் ஒரு பங்கும், இரண்டாவதில் இரண்டும், மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்றும், ஐந்தாவதில் இரண்டும், ஆறாவதில் ஒன்றும் ஏறும் என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. ஆறு மீட்டர் வேறுபாடு உள்ள கரையில் முதல் மணி நேரத்தில் அரை மீட்டர்தான் ஏறியிருக்கும். அதைப் பார்த்து ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்று உட்கார்ந்திருப்பவர்கள் மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மூன்று மீட்டர் உயர்வைச் சந்திக்க வேண்டியிருக்கும். இது தோராயமான கணக்கே. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் வேறுபாடு 16 மீட்டர் வரை போகிறது. மத்திய தரைக்கடலின் பெரும்பாலான கரைகளில் அரை மீட்டரைக்கூட எட்டுவதில்லை. நாளுக்கு ஒரே ஓதம் வரும் கரைகளும் உண்டு. ஆகவே உங்கள் கரைக்கென்று வெளியிடப்பட்ட அட்டவணையை மட்டுமே நம்புங்கள். அது எந்த நேரக்கணக்கில் அச்சிடப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். கோடையில் கடிகாரத்தை மாற்றிவைக்கும் நாடுகளில் இந்த ஒரு மணி நேரக் குழப்பம் அடிக்கடி நிகழ்கிறது.

குளிர்காலத்துக்கென்று இன்னொரு கூடுதல் கணக்கும் இருக்கிறது. அட்டவணை நிலவையும் சூரியனையும் வைத்துக் கணிக்கப்பட்டது. வானிலை அதில் இல்லை. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு ஒன்று கடந்து போகும் நாளில் இதுவே முப்பது, நாற்பது சென்டிமீட்டராகிவிடும். கடலிலிருந்து கரை நோக்கி வீசும் பலத்த காற்று அதற்கு மேலும் நீரைத் தள்ளிக் குவிக்கும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாட்கள் பின்பு வரும் பெரிய ஓதத்தோடு இது சேர்ந்தால், அட்டவணைப்படி உலர்ந்திருக்க வேண்டிய பாதை நீருக்கடியில் இருக்கும்.

கேள்வி: பாதை 12 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 300 மீட்டர். மூன்று மணி நேரம் போதும் என்று எங்கள் குழுவில் ஒருவர் கணக்கிட்டுத் தந்திருக்கிறார். சரிதானா?

பதில்: அவர் பயன்படுத்தியது ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-ஆம் ஆண்டில் சொன்ன விதியாக இருக்க வேண்டும்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே வருகிறது. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த விதி, உடல் வலுவுள்ள ஒருவர் நல்ல தரையில் நிற்காமல் நடப்பதற்கானது. இருபது பேர் கூழாங்கல் கரையிலும் ஈர மணலிலும் சேற்று வழியிலும் நடக்கும்போது, மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே நேர்மையானது. அப்படியானால் நடைக்கு நான்கு மணி நேரம், ஏற்றத்துக்கு அரை மணி, நின்று இளைப்பாறவும் ஆடை மாற்றவும் சாப்பிடவும் ஒரு மணி. ஆக ஐந்தரை மணி நேரம். குறுக்கே ஒரு வேலியோ படிக்கட்டோ வந்தால், இருபது பேர் ஒவ்வொருவராகக் கடக்கப் பத்து நிமிடம் போய்விடும் என்பதைத் தனியாக நடந்து பழகியவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த ஐந்தரை மணி நேரத்தைப் பகல் வெளிச்சத்துக்குள் வைக்க வேண்டும். பகல் மிகக் குறுகிய நாளில் 40 பாகை அட்சரேகையில் சூரியன் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் தெரிகிறது. 50 பாகையில் சுமார் எட்டு மணி நேரம். 60 பாகையில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. சூரியன் மறையும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு பயணம் முடிய வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித் தொடக்க நேரத்தைக் கண்டுபிடியுங்கள். ஆண்டின் மிகச் சீக்கிரமான சூரிய அஸ்தமனம் பகல் குறுகிய அந்த நாளில் வருவதில்லை, அதற்குச் சில நாட்கள் முன்பே வந்துவிடுகிறது. ஆகவே ‘இன்னும் அந்த நாள் வரவில்லையே’ என்று மாலையில் தாராளம் காட்டாதீர்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் வேகமாக நடப்பவர்கள் முன்னே போய்விடுகிறார்கள். மெதுவாக வருபவர்கள் அவர்களை எட்டும்போது அவர்கள் இளைப்பாறி முடித்து எழுந்து நடக்கத் தொடங்குகிறார்கள். இதனால் ஒவ்வொரு முறையும் மனத்தாங்கல். வயதான உறுப்பினர்கள் இனி வரவில்லை என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: மனத்தாங்கலோடு முடிந்தால் நல்லது, குளிர்காலத்தில் இது ஆபத்திலும் முடியலாம். முன்னே போனவர்கள் திறந்த கடலோரத்தில் நின்று காத்திருக்கையில், வியர்த்த உடல் காற்றில் வேகமாகக் குளிர்ந்துவிடுகிறது. பின்னே வருபவர்களோ ஓய்வே இல்லாமல் நடந்து, தளர்ந்து, தடுக்கி விழும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். ஒரே தவறான நடைமுறை இரு முனைகளிலும் இருப்பவர்களைத் துன்புறுத்துகிறது.

குழுவுக்கு வழிகாட்டி ஒருவர் முன்னாலும், கடைசியாள் ஒருவர் பின்னாலும் இருக்க வேண்டும். கடைசியாளைத் தாண்டி எவரும் பின்தங்கக் கூடாது. வழிகாட்டியைத் தாண்டி எவரும் முன்னே போகக் கூடாது. கடைசியாளாக இருப்பவர் குழுவிலேயே வலுவானவர்களில் ஒருவராக, பாதையை அறிந்தவராக, பொறுமையுள்ளவராக இருக்க வேண்டும். பல குழுக்களில் இந்தப் பொறுப்பு, இயல்பாகவே பின்தங்கும் ஒருவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அது பொறுப்பே இல்லாமல் விடுவதற்குச் சமம். இருவரிடமும் ஒருவரையொருவர் அழைக்கும் வழி இருக்க வேண்டும். கைப்பேசி இணைப்பு கிடைக்காத கரைகள் பல. ஒரு விசில் அங்கே நன்றாகவே பயன்படும்.

இளைப்பாறும் நேரம், கடைசியாகச் சேர்பவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் தொடங்குகிறது என்று புறப்படும் முன்பே அறிவித்துவிடுங்கள். அதைச் சொல்லும்போது யாரையும் சுட்டிச் சொல்லாமல் குழுவின் விதியாகச் சொல்லுங்கள். நிற்கும் இடத்தை வழிகாட்டி தேர்ந்துகொள்ள வேண்டும். காற்றுக்கு மறைவான பாறையோ மரவரிசையோ வரும்வரை நடந்துவிட்டு நிற்பது மேல். மரவரிசையின் மறைவு, அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான தூரத்துக்கு உணரப்படும். ஆகவே மரத்தடியிலேயே போய் ஒண்ட வேண்டிய அவசியமும் இல்லை.

வேகத்தை யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். மெதுவாக நடப்பவரை முன்வரிசையில், வழிகாட்டிக்கு அடுத்தபடியாக வையுங்கள். அவரது வேகம் குழுவின் வேகமாகட்டும். வேகமாக நடப்பவர்கள் பின்னால் பேசிக்கொண்டு வரட்டும், அவர்களால் முடியும். அந்த வேகத்தில் 12 கிலோமீட்டர் முடியாதென்றால், பாதையை எட்டு கிலோமீட்டராகக் குறைக்க வேண்டும்.

கேள்வி: உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகத்தான் வெளியேறுகிறது என்பதால் நல்ல தொப்பி இருந்தால் போதும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? எத்தனை அடுக்கு உடுத்த வேண்டும்?

பதில்: உண்மையன்று. தலை உடற்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு; அதன் வழியே வெளியேறும் வெப்பமும் சுமார் அந்த அளவே. மற்ற உடல் முழுவதும் மூடியிருந்து தலை மட்டும் திறந்திருந்தால் குளிரை அங்கே உணர்வதால் இந்த நம்பிக்கை நிலைத்துவிட்டது. தொப்பி வேண்டும், ஆனால் தொப்பி மட்டும் போதாது.

கடலோரத்தில் பகை, வெப்பமானி காட்டும் குளிரைவிடக் காற்றும் ஈரமும்தான். காற்றின் குளிர்விக்கும் ஆற்றலை பால் சைப்பிள், சார்ல்ஸ் பாசல் என்ற இருவர் அண்டார்க்டிக்காவில், நீர் உறைய ஆகும் நேரத்தை அளந்து முதலில் கணக்கிட்டார்கள். 2001-ல் திருத்தப்பட்ட கணக்கின்படி, வெப்பநிலை 5 பாகை செல்சியஸாக இருக்கும்போது மணிக்கு 10 கிலோமீட்டர் காற்றில் முகம் 3 பாகைக் குளிரை உணர்கிறது; 40 கிலோமீட்டர் காற்றில் உறைநிலைக்குக் கீழே ஒரு பாகையை உணர்கிறது. கடலோரத்திலிருந்து காட்டுக்குள் நுழைந்ததும் எல்லாரும் மேலாடையைக் கழற்றத் தொடங்குவதற்குக் காரணம் இதுதான்; வெப்பநிலை மாறவில்லை, காற்று நின்றுவிட்டது.

ஈரமோ இதைவிட மோசமானது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. பருத்தி ஆடை வியர்வையை உறிஞ்சிக்கொண்டு தோலோடு ஒட்டி நிற்கும். அது குளிர்காலத்தில் உடலோடு ஒட்டிய முதல் அடுக்காக இருக்கக் கூடாது. கம்பளியோ செயற்கை இழையோ உள்ளே, காற்றைப் பிடித்துவைக்கும் தடித்த ஆடை நடுவில், காற்றும் மழையும் புகாத மெல்லிய உறை வெளியே என மூன்று அடுக்குகள் போதும். புறப்படும்போது சற்றுக் குளிராக உணர்வதே சரியான அளவு. பதினைந்து நிமிடங்கள் நடந்ததும் குழுவை ஒருமுறை நிறுத்தி, தேவையானவர்கள் ஓர் அடுக்கைக் கழற்ற நேரம் கொடுங்கள். வியர்த்துவிட்ட பிறகு கழற்றுவதில் பயன் குறைவு. உலர்ந்த கையுறையும் காலுறையும் ஒவ்வொரு சோடி பையில் இருக்கட்டும்.

கேள்வி: கடந்த குளிர்காலத்தில் எங்கள் குழுவில் ஒருவர் நடுங்கிக்கொண்டே வந்தார். பிறகு பேச்சு குறைந்தது, எரிச்சலாகப் பதில் சொன்னார், அடிக்கடி தடுக்கினார். களைப்பு என்று நினைத்தோம். அது களைப்புதானா?

பதில்: நீங்கள் விவரிப்பது களைப்பாக இருந்திருக்கலாம், ஆனால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையத் தொடங்கியதன் அடையாளங்களும் இவையேதான். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் இந்நிலை தொடங்குகிறது. கட்டுப்படாத நடுக்கம், நாக்குக் குழறுதல், தடுமாற்றம், குணம் மாறுதல், ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்ற பிடிவாதம் ஆகியவை முதலில் வரும். பாதிக்கப்பட்டவர் தம் நிலையைத் தாமே உணர மாட்டார் என்பதால் அவருடைய வார்த்தையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நடுக்கம் நின்றுவிட்டது, ஆனால் குழப்பமும் தூக்கமும் கூடுகின்றன என்றால் நிலைமை தேறவில்லை, மோசமாகியிருக்கிறது.

அவரைக் காற்றிலிருந்து மறைவுக்குக் கொண்டுபோங்கள். ஈர ஆடையை நீக்கி உலர்ந்தவற்றை உடுத்துங்கள். தரையிலிருந்துதான் குளிர் ஏறும் என்பதால் பைகளை விரித்து அவற்றின் மேல் உட்காரவையுங்கள். தெளிவாக விழித்திருந்து, விழுங்க முடிந்தால் வெதுவெதுப்பான இனிப்புப் பானம் கொடுங்கள். மது கூடாது, அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வெப்பத்தை வெளியேற்றிவிடும். கைகால்களைத் தேய்ப்பதும், நெருப்பருகே வைத்துச் சூடேற்றுவதும் கூடாது. நடுக்கம் நின்றிருந்தாலோ குழப்பம் தெரிந்தாலோ உடனே அவசர உதவியை அழையுங்கள். அவரை அசைப்பதையும் மிக மெதுவாகச் செய்யுங்கள். இருபது பேர் கொண்ட குழுவில், அனைவரும் ஒண்டிக்கொள்ளக்கூடிய இலகுவான காற்றுத் தடுப்புக் கூடாரம் ஒன்றாவது யாராவது ஒருவர் பையில் இருக்க வேண்டும் என்பதை நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

கேள்வி: செங்குத்தான கடலோரப் பாறையின் அடிவாரத்தில் காற்று படுவதில்லை. அங்கே உட்கார்ந்து சாப்பிடலாமா?

பதில்: கூடாது. பாறை இடுக்கில் புகுந்த மழைநீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிந்து பாறையைப் பிளக்கிறது. உருகும்போது பிளந்த துண்டு விழுகிறது. தொடர்மழைக்குப் பின்பும், உறைபனி உருகும் முற்பகலிலும் இந்த ஆபத்து மிகுதி. அடிவாரத்தில் புதிதாக உடைந்த, பாசி படியாத கற்கள் கிடந்தால் அங்கே அண்மையில் பாறை விழுந்திருக்கிறது என்று பொருள். மேலே நடக்கும்போதும் விளிம்பிலிருந்து சில மீட்டர் தள்ளியே நடங்கள். கால் வைக்கும் புல்தரைக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம், அது மேலிருந்து தெரியாது.

கேள்வி: எவ்வளவு காற்று அடித்தால் பயணத்தை ரத்து செய்ய வேண்டும்?

பதில்: பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805-ல் வகுத்த அளவுகோலே இன்றும் நல்ல வழிகாட்டி. அதில் ஏழாம் எண், மணிக்கு 50 முதல் 61 கிலோமீட்டர் வரை: முழு மரங்கள் அசையும், காற்றை எதிர்த்து நடப்பது கடினமாகும். எட்டாம் எண்ணில், 62 முதல் 74 வரை, மரங்களின் சிறு கிளைகள் ஒடியும். முன்னறிவிப்பு ஏழைத் தொட்டாலே கடலோர விளிம்புப் பாதையை விட்டுவிடுங்கள்.

அப்படியானால் காட்டுக்குள் போகலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். காடு காற்றை மறைக்கும். ஆனால் முதிர்ந்த மரங்களும் பட்டுப்போன கிளைகளும் உள்ள காடு, அதே காற்றில் கடலோரத்தைவிடப் பாதுகாப்பானதன்று. முந்தைய புயலில் ஒடிந்து வேறு கிளைகளில் சிக்கித் தொங்கும் கொம்புகள் சாதாரணக் காற்றிலும் விழும். ஆகவே பலத்த காற்று அடித்த மறுநாளும் காட்டுக்குள் நுழையும்போது ஒருமுறை மேலே பாருங்கள். தொங்கும் கிளைகளுக்குக் கீழே இளைப்பாற உட்காராதீர்கள்.

அலையைப் பற்றியும் ஒரு சொல். தொலைவில் எழுந்த புயலின் அலைகள், உங்கள் கரையில் காற்றே இல்லாத நாளிலும் வந்து சேரும். பத்து அலை அமைதியாக வந்தபின் பதினோராவது பாறைக்கு மேல் ஏறலாம். பாறை நனைந்திருக்கிறது என்றால் அலை அங்கே வருகிறது என்று பொருள், அதில் நிற்காதீர்கள். ஒருவர் நீரில் விழுந்துவிட்டால் பின்னாலேயே இன்னொருவர் குதிக்கக் கூடாது. குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு முதல் ஓரிரு நிமிடங்கள் மூச்சு கட்டுப்பாடின்றி வாங்கும். அது அடங்கும்வரை மல்லாந்து மிதக்கும்படி கூவிச் சொல்லுங்கள், மிதக்கக்கூடிய எதையாவது வீசுங்கள், உதவியை அழையுங்கள்.

கேள்வி: நாயைக் கூட்டி வரலாமா?

பதில்: கயிற்றில் பிடித்துக்கொண்டு வரலாம். குளிர்காலக் கரைகளில் மேயும் உள்ளான் வகைப் பறவைகளில் பல, ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்தவை. தாழ் ஓதத்தில் மட்டுமே அவற்றுக்கு இரை கிடைக்கும். உயர் ஓதத்தில் ஒதுங்கி நின்று உடலின் ஆற்றலைச் சேமித்துக்கொள்கின்றன. அப்போது நாய் துரத்தினாலும், குழு நேராக அவற்றை நோக்கி நடந்தாலும், கூட்டம் முழுவதும் எழுந்து பறந்து, சேமித்ததைச் செலவழித்துவிடும். தலைகளை உயர்த்திப் பார்க்கத் தொடங்கினால் அதுதான் நீங்கள் விலகிச் செல்ல வேண்டிய தூரம்.

கேள்வி: குழந்தைகளும் வருகிறார்கள். இலை உதிர்ந்த காட்டிலும் வெறும் கரையிலும் அவர்களுக்குக் காட்ட என்ன இருக்கிறது?

பதில்: கோடையைவிட அதிகமாகவே இருக்கிறது. புயலுக்கு மறுநாள் அலை ஒதுக்கிவிட்டுப் போன வரிசையில் நடங்கள். சுறா, திருக்கை இனங்களில் சில முட்டையிடும் தோல் போன்ற சிறு பைகள், நான்கு மூலைகளிலும் கொம்போ சுருள் இழையோ நீண்டவையாக, காலியாகக் கிடக்கும். கடல்நத்தையின் முட்டைத் திரள்கள் பஞ்சு உருண்டைபோல இருக்கும். கல்திருப்பி என்ற பறவை, பெயருக்கேற்பக் கற்களையும் கடற்பாசியையும் புரட்டிப் புரட்டி இரை தேடுவதைச் சற்றுத் தொலைவில் நின்று பார்க்கலாம்.

குளிர்நாட்டுப் பாறைக் கரைகளில் ஓதத்தின் உயரத்தைப் பாறையே காட்டும். அலை எட்டும் எல்லையில் தார் பூசியதுபோலக் கறுப்பு நிறப் பட்டை ஒன்று ஓடும். அது எண்ணெய்க் கசிவு அன்று, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் பாறைப்பூஞ்சை (லைக்கன்). அதற்கு மேலே தெறிநீர் படும் இடத்தில் மஞ்சளும் ஆரஞ்சும், அதற்கும் மேலே சாம்பல் நிறமும் வரும். கறுப்புப் பட்டைக்குக் கீழே நின்றுகொண்டிருக்கிறோம் என்றால் கடல் வந்து போகும் இடத்தில் நிற்கிறோம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதற்குப் பிறகு அவர்களே பெரியவர்களை எச்சரிப்பார்கள். பச்சைப் பாசி படர்ந்த பாறையில் மட்டும் ஓடவிடாதீர்கள்.

காட்டின் கடல் பார்த்த விளிம்பில் மரங்கள் எல்லாம் நிலத்தை நோக்கிச் சாய்ந்து நிற்பதைக் காண்பீர்கள். காற்று அவற்றை வளைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கடற்பக்க மொட்டுகள் உப்புச் சாரலாலும் உலர்காற்றாலும் கருகிவிடுகின்றன. மறுபக்க மொட்டுகள் மட்டும் வளர்வதால் மரம் கத்தரித்தது போன்ற அந்த வடிவத்தை அடைகிறது. உள்ளே போனால், இலையில்லாத கிளைகளின் நுனியில் அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகள் ஏற்கனவே உருவாகியிருக்கும். இலை இல்லாதபோதும் மரத்தை அடையாளம் காண அவை உதவும்: பீச் மரத்தினுடையது நீண்டு கூர்மையானது, ஐரோப்பிய ஆஷ் மரத்தினுடையது கரி போலக் கறுப்பு. பறவைகளின் பழைய கூடுகளும் குளிர்காலத்தில்தான் கண்ணில் படும். பல இனச் சிறு பறவைகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடுவதால், நீண்ட நேரம் எதுவுமே தெரியாமல் இருந்துவிட்டு, திடீரென ஒரே மரத்தில் நாலைந்து வகைகளைப் பார்க்கலாம். குழந்தைகளை அங்கேயே நிறுத்தி ஐந்து நிமிடம் பார்க்கவிடுங்கள். குழுவின் கால அட்டவணையில் அதற்கும் இடம் இருக்க வேண்டும்.

கேள்வி: இவ்வளவு குளிரில் ஏன் நடக்க வேண்டும்? வசந்தம் வரும்வரை காத்திருந்தால் என்ன?

பதில்: தாராளமாகக் காத்திருக்கலாம். அப்போது கரையில் இடம் கிடைக்காது, அவ்வளவே.

கேள்வி: திரும்பும் வழியில் காட்டுக்குள் இருட்டிவிட்டால்? எல்லாருடைய கைப்பேசியிலும் விளக்கும் வரைபடமும் இருக்கின்றன, போதாதா?

பதில்: போதாது. குளிரில் மின்கலம் வழக்கத்தைவிட விரைவில் தீரும். விளக்கும் வரைபடமும் சேர்ந்து எரிந்தால் அவசர அழைப்புக்கு மிச்சம் இருக்காது. கைப்பேசியை உடலோடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். வெளிச்சத்துக்குத் தனியாகத் தலையில் மாட்டும் விளக்கு, வழிக்குக் காகித வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் மறைந்த பிறகும் அரை மணி நேரமளவு வெளிச்சம் திறந்த கரையில் இருக்கும். ஊசியிலை மரங்கள் அடர்ந்த காட்டில் அந்த அரை மணி நேரம் கிடைக்காது. உதிர்ந்த ஈர இலைகளுக்கடியில் வேர்கள் மறைந்திருப்பதால் கணுக்கால் பிசகுவதும் அப்போதுதான்.

இருட்டத் தொடங்கியதும் முதல் வேலையாக நின்று ஆட்களை எண்ணுங்கள். விளக்கு இல்லாதவர்களை இருப்பவர்களுக்கு நடுவில் வையுங்கள். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் கடைசியாள் வந்து சேரும்வரை வழிகாட்டி நகரக் கூடாது. பல நாடுகளில் குளிர்காலம் வேட்டைக்காலமும் ஆகையால் பளிச்சென்ற நிறத்தில் மேலாடை அணிவது காட்டுக்குள் கூடுதல் பாதுகாப்பு. புறப்படும் முன் உங்கள் பாதையையும் திரும்பும் நேரத்தையும் குழுவில் இல்லாத ஒருவரிடம் எழுதிக் கொடுத்து, எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் உதவியை அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள். பத்திரமாகத் திரும்பியதும் அவருக்குச் சொல்ல மறந்துவிடாதீர்கள். நீங்கள் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது மீட்புக் குழுவினர் அந்தக் காட்டில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.